எண்ணாமல் விட்ட ஐந்து பிளேடு

மார்ச் 3, 2016, வியாழன்

காலையிலிருந்து மழை. ஹேங்கர் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை. மனைவி நோமா கட்டிக்கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பத்து மணிக்கே தின்று தீர்த்துவிட்டு மதியம் பசியோடு கிடந்தேன். புத்தி வராத ஜென்மம்.

நேற்று யமுகா ஊரில் விமானத்தின் வலது எஞ்சினைக் கிளப்பும்போது சூடு அளவு தாண்டியிருக்கிறது. கேப்டன் வாகி மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். பாட்டரி சோர்ந்திருக்கிறது. எஞ்சின் போதிய வேகம் பிடிக்கும் முன்பே எரிபொருள் உள்ளே போய்விட்டது. காற்று குறைவு, தீ அதிகம். அப்படி ஆனால் முதல் அடி வாங்குவது தீக்கு அடுத்து நிற்கும் டர்பைன் சக்கரம். அதில் ஐம்பத்தெட்டு பிளேடு, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு. அத்தனையையும் பார்த்தாக வேண்டும்.

பிரிக்காமல் பார்க்க வழி இருக்கிறது. எரிபொருள் தெளிக்கும் குழல் ஒன்றைக் கழற்றி, அந்தத் துளையில் பாம்புக் கேமராவை விடுவோம். பின்பக்கம் ஒருவர் ஸ்பானர் சாவி போட்டுச் சக்கரத்தைத் திருப்பி, ஒவ்வொரு பிளேடாக எண்ணிச் சொல்ல வேண்டும். இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். திருப்பியது மச்சான், பார்த்தது நான், கையெழுத்துப் போட்டதும் நான்.

மச்சான் என்றால் நோமாவின் மூத்த அண்ணன். லைசென்ஸ் கிடையாது, மெக்கானிக். ஆனால் நான் கடற்கரையிலிருந்து இந்த மலையூர் கொரோகாவுக்கு வருவதற்கு எட்டு வருஷம் முன்பே இந்த ஹேங்கரில் இருப்பவர். எனக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று ஊரே நின்றபோது, கொடுக்கலாம் என்று எழுந்து சொன்ன ஒரே ஆள்.

இருபத்தாறு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாகி வந்தாள். "முடிஞ்சுதா? ரெண்டு மணிக்கு மேல மேகம் இறங்கிடும்." மச்சான் தலையைத் திருப்பி, "இன்னும் பாதி இருக்கு கேப்டன்" என்றார். திரும்பவும் சாவியைப் பிடித்தார். "முப்பத்திரண்டு" என்றார்.

எனக்குக் கேட்டது. இருபத்தாறுக்கு அப்புறம் முப்பத்திரண்டு. மழைச் சத்தத்தில் நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். வாகியிடம் பேசிக்கொண்டே ஐந்து பிளேடைத் திருப்பி, மனசுக்குள் எண்ணியிருக்கலாம். ஆனால் திரையில் எதுவும் நகரவில்லையே?

ஒண்ணிலிருந்து எண்ணுங்க மச்சான் — மூன்று வார்த்தை. வாகி நிற்கிறாள். பெண் கொடுத்த வீட்டு மூத்தவரைப் பார்த்து, உங்களுக்கு எண்ணத் தெரியவில்லை என்று அவள் முன்னால் சொல்வதா? அவர் பெயரையே நான் வாயால் சொல்லுவதில்லை. இந்த மலையில் பெண் கொடுத்தவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். நான் தலையைத் தூக்கினேன். மறுபடி திரையைப் பார்த்தேன்.

கடைசியில் "ஐம்பத்தெட்டு" என்றார். நான் எழுதினேன்: 58 பிளேடும் பார்க்கப்பட்டன, குறை இல்லை.

சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 4, வெள்ளி

விமானம் யமுகா போய்த் திரும்பி வந்துவிட்டது. பார்த்தாயா, ஒன்றுமில்லை.

மார்ச் 9, புதன்

எழுத்து எப்படி வருகிறதோ வரட்டும்.

யமுகாவிலிருந்து கிளம்பின விமானம், வலது எஞ்சின் போய்விட்டது. ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிச் சத்தம், புகைக்குழாயில் நெருப்புப் பொறி. உள்ளே பதினோரு பேர். ஒற்றை எஞ்சினில் மேட்டைத் தாண்ட முடியாது என்று வாகி ஆற்றோடு கீழே இறங்கி, மிஷன்காரர்களின் பழைய புல் ஓடுதளத்தில் இறக்கிவிட்டாள். ஈரப் புல். நிற்காமல் ஓடிப்போய் ஓரத்துச் சாக்கடையில் மூக்கைக் குத்தியிருக்கிறது.

எல்லோரும் உயிரோடு. ஓமினே என்ற அம்மாவுக்குக் கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

ரேடியோவில் சேதி வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வலதா இடதா என்றுதான் முதலில் கேட்டேன். உயிர் இருக்கா என்று கேட்கவில்லை. வலதா இடதா என்று கேட்டேன். ச்சீ.

மார்ச் 11, வெள்ளி

எஞ்சினைக் கொண்டுவந்து பிரித்தோம். தலைமை எஞ்சினியர் மெர்வின் பக்கத்தில் நின்றார். ஆஸ்திரேலியாக்காரர், முப்பது வருஷமாக இங்கே இருப்பவர், எங்கள் மொழியில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார். இன்று திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காற்று நுழையும் வாயிலிலிருந்து ஆரம்பித்தோம். வலை சுத்தம், ஒரு புல்கூட இல்லை. கம்ப்ரெஸரின் மூன்று வரிசையும் சுத்தம். அதற்கடுத்து காற்றைக் கடைசியாக இறுக்கி வெளியே வீசும் பெரிய சக்கரமும் சுத்தம். ஒவ்வொன்றாக சுத்தம் என்று அவர் சொல்லச் சொல்ல, கல்லோ பறவையோ உள்ளே போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எரியும் அறையும் பரவாயில்லை. அதற்கு அடுத்தது டர்பைன் சக்கரம். பார்க்க முடியவில்லை. பல் பல்லாக உடைந்து, அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. ஒன்று உடைந்து, பக்கத்திலிருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போயிருக்கிறது. அதற்கடுத்து ப்ரொபெல்லரைச் சுழற்றும் இரண்டாவது சக்கரமும் குதறிக் கிடக்கிறது.

புதிதாக உடைந்த உலோகம் பளபளக்கும். ஒரே ஒரு அடிக்கட்டையில் பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. மெர்வின் அதன்மேல் விளக்கை வைத்தார். "இது சோதனைக்கு அப்புறம் ஆறு நாள்ல வந்த விரிசல் இல்ல. சூடு தாண்டின அன்னிக்கே திறந்திருக்கு. ஐம்பத்தெட்டையும் பார்த்தவன் கண்ணுல இது படாம இருக்காது." பிறகு என்னைப் பார்த்தார். "பார்த்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்தார். "எண்ணினது நான். நடுவுல விட்டுப்போச்சு. அவர் ரெண்டு தடவை கேட்டார், சரியா எண்ணினீங்களான்னு. நான்தான் ஐம்பத்தெட்டுன்னு அடிச்சுச் சொன்னேன்."

நான் கேட்டேனாம். ரெண்டு தடவை. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மெர்வின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா கெதிசா?"

நான் தலையை ஆட்டினேன். பேசக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன். மாட்டுக்குத் தெரியும் வெட்கம் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 14, திங்கள்

மச்சானை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். முதலாளி சொன்னாராம், லைசென்ஸ் உள்ளவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், சாவி திருப்புகிறவன் வாசலுக்கு வாசல் கிடைப்பான் என்று. மெர்வின் இதை என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மச்சான் தன் டிபன் டப்பாவையும் பிலும் என்கிற வலைப்பையையும் எடுத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் நடந்தார். நான் கூடப் போனேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க மச்சான்?" என்றேன்.

"உங்க கையெழுத்துலதான் என் தங்கச்சி வீட்டு அடுப்பு எரியுது. எனக்குக் காப்பித் தோட்டம் இருக்கு. போய் வேலையைப் பாருங்க" என்றார். பாக்கை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் போய் வேலையைப் பார்த்தேன்.

மார்ச் 20, ஞாயிறு

சர்ச் முடிந்து மச்சான் வீட்டுக்குப் போனோம். வழியில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். நோமாவைப் பார்த்ததும் ஒருவன் மற்றவனிடம், "எண்ணத் தெரியாதவன் தங்கச்சி" என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான். நோமா நடையை மாற்றவில்லை. நான்தான் தடுக்கினேன்.

வீட்டில் எனக்குப் பெரிய கிழங்கைப் பொறுக்கி வைத்தார்கள். மச்சான் பெண்டாட்டி, "நீங்களும்தான் எவ்வளவு மனக்கஷ்டப்பட்டிருப்பீங்க. இவர் செஞ்ச தப்புக்கு உங்க பேரும் கெட்டுதே" என்றாள். மச்சான் நெருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெண்டாட்டியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

கிழங்கை முழுசாகத் தின்றேன். தண்ணீரைக் குடித்துத் தள்ளினேன். தள்ளிவிட்டேன் பார், அதைச் சொல்.

மார்ச் 27

ஈஸ்டர். எழுத ஒன்றும் இல்லை. இருக்கிறது. எழுதவில்லை.

ஏப்ரல் 6, புதன்

பழைய எஞ்சின் ஒன்றைப் பாதியாக வெட்டி, உள்ளே தெரியும்படி சக்கர வண்டியில் வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுவது வழக்கம். மெர்வின் என்னைப் போகச் சொன்னார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். "ஏன், உனக்கு எஞ்சின் தெரியாதா?" என்றார். வேண்டுமென்றே அனுப்பினாரோ என்னவோ.

அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். இந்த எஞ்சினில் காற்று பின்னாலிருந்து நுழைந்து முன்னால் போகும். கம்ப்ரெஸர் அதை இறுக்கும், ஏழு மூட்டை அரிசியை ஒரு மூட்டையில் திணிக்கிற மாதிரி. இறுகிய காற்று எரியும் அறைக்குள் போகும். அதில் கால்வாசிதான் தீக்கு. மீதிக் காற்று முழுக்க அந்தத் தீ சுவரைத் தொடாமல் சுற்றி நின்று காவல் காக்கும். காவல் குறைந்தால் எல்லாம் உருகும். பிறகு அந்தச் சூட்டுக் காற்று டர்பைன் சக்கரத்தை அடித்துச் சுற்றிவிட்டு, இரண்டாவது சக்கரத்தையும் சுற்றிவிட்டு, புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும்.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "முதல் சக்கரம் சம்பாதிக்கிறது யாருக்குப் போகுது?"

"கம்ப்ரெஸருக்கு. அது ரெண்டும் ஒரே தண்டுல இருக்கு. சம்பாதிச்சதுல முக்கால்வாசி காத்தை இறுக்கவே போயிடும். மிச்சத்தைத்தான் ரெண்டாவது சக்கரம் எடுத்து ப்ரொபெல்லருக்குக் குடுக்குது."

"முதல் சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல தண்டு இல்லையே?"

"இல்ல. காத்து மட்டும்தான்."

"அப்ப டர்பைன் சுத்தினாத்தான் காத்து இறுகும். காத்து இறுகினாத்தான் தீ எரியும். தீ எரிஞ்சாத்தான் டர்பைன் சுத்தும். எது முதல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவை. முதலில் ஒரு மின்மோட்டார் சுற்றிவிடும் என்று சொன்னேன். அந்த மோட்டாருக்குப் பாட்டரி வேண்டும் என்று சொன்னேன். பாட்டரி சோர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பையன் கேட்டான், இத்துனூண்டு பிளேடு ஒன்று போனால் என்ன என்று. நிமிஷத்துக்கு முப்பத்தேழாயிரம் சுற்று சுற்றுகிறது, அந்த வேகத்தில் ஒவ்வொரு பிளேடும் வெளியே பறக்கத்தான் பார்க்கிறது, ஒன்று கையை விட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் போகும் என்றேன். வாத்தியார் எழுந்து, "அதனாலதான் நம்ம கெதிசா மாதிரி ஆளுங்க ஒவ்வொண்ணா எண்ணிப் பார்க்கறாங்க. கை தட்டுங்க" என்றார்.

அறுபது பேரும் கை தட்டினார்கள்.

ஏப்ரல் 17, ஞாயிறு

ஓமினேயின் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கை முறிந்ததற்கு ஈடு வேண்டுமாம், மச்சானின் குலத்திடம் ஆறு பன்றி. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டது, அது வேறு. இது மனுஷனுக்கும் மனுஷனுக்கும் உள்ளது. தப்பு மச்சானுடையது என்று ஊர் முழுக்கத் தெரியும், அதனால் கொடுக்க வேண்டியது அவர் ஆட்கள்.

மச்சானிடம் இருப்பது இரண்டு. மற்றதைக் குலத்தில் ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது ஒவ்வொருவனும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொடுப்பான்.

எங்கள் பெரிய பன்றியைத் தருகிறேன் என்று நோமாவிடம் சொன்னேன். அவள் வளர்த்தது. அவள் அழுதுவிட்டாள். "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் நின்றேன்.

மே 7, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு பன்றியையும் முளை அடித்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எங்களுடையதுதான் பெரியது. மூமூவுக்கு, அதாவது கறியை மண்ணுக்குள் வேகவைக்க, குழி தோண்டிக் கல் காய்ந்துகொண்டிருந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். மச்சான் குலத்துப் பேச்சாளர் எழுந்து வரிசையோடு நடந்து ஒவ்வொரு பன்றியையும் தொட்டுப் பேசிக்கொண்டே வந்தார். எங்கள் பன்றியிடம் நின்றார்.

"இது எங்க ரத்தம் குடுத்தது இல்ல. கடற்கரைக்காரன் குடுத்தது. எங்காளு எண்ணாம விட்டதால இவன் பேருதான் முதல்ல கெட்டது. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கலாம். போனானா? தன் தொழுவத்துலயே கொழுத்ததை ஓட்டிட்டு வந்து எங்க வரிசையில கட்டிட்டான். மாப்பிள்ளைன்னா இவன் மாப்பிள்ளை."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நோமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்தேன். "அவர் எண்ணும்போது விட்டுப்போனது எனக்குத் தெரியும். கேட்டுது. நான் திரும்ப எண்ணச் சொல்லல. ரெண்டு தடவை கேட்டேன்னு அவர் சொன்னது பொய். நான் ஒரு தடவையும் கேக்கல. கையெழுத்து என்னுது, தப்பும் என்னுது" என்றேன். 

 பிறகு பேச்சாளர் இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா? பன்னி பத்தலன்னு மச்சான் வெக்கத்தையும் தன் தலையில தூக்கி வெச்சுக்கறான்." கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மச்சான் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "அவர் அப்படித்தான் சொல்வார். நல்ல மனுஷன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் காதில், "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். விரல் தோளில் அழுந்தியது.

நான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கினவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

கறி பங்கிடும்போது ஓமினே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை இன்னும் துணியில் தொங்குகிறது. ஐம்பது வயது இருக்கும், குரல் ஆம்பிளைக் குரல். "அந்த எஞ்சினுக்குள்ள நீ பார்த்தியா, பாக்கலியா?" என்றாள்.

"முழுசாப் பாக்கல."

"நான் நம்பறேன். பொய் சொல்றவன் மூஞ்சி இப்படி வேர்க்காது." ஒரு துண்டுக் கறியை இடது கையால் எடுத்து வாயில் போட்டு மென்றாள். "ஆனா கறி திங்க வந்தவங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த வெள்ளைக்காரன்கிட்ட சொல்லு. நான் திரும்ப அதுலதான் ஏறி வீட்டுக்குப் போகணும். யமுகாவுக்கு ரோடா போட்டு வெச்சிருக்கீங்க?"

மே 8

தூங்கவில்லை. சர்ச்சுக்கும் போகவில்லை.

மே 10, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். இருபத்தாறு, முப்பத்திரண்டு, வாகி வந்தது, நான் தலையைத் தூக்கியது, வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

மெர்வின் இரண்டு தடவை படித்தார். "எனக்குத் தெரியும்" என்றார். "அன்னிக்கு உன் தலை ஆடின விதத்துலயே தெரியும். நீயா வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மாசம் ஆச்சு உனக்கு." அதற்குத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு மச்சானைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் கடிதத்தை மடித்தார். "எண்ணாம விட்டவனைத் திரும்ப எடுக்கலாம். விசாரணையில பொய் சொன்னவனை எப்படி எடுக்கறது? உன் கடிதம் அதைத்தான் சொல்லுது. அவர் தானா வந்து நடந்ததைச் சொன்னா முதலாளிகிட்ட பேசிப் பார்க்கறேன். நீ சொல்லி ஆகாது, அவர் சொல்லணும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவரை மீட்கப் போய் அவரைப் பொய்யனாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

மே 12, வியாழன்

நோமாவிடம் சொன்னேன். பன்றி கொடுத்த இடத்தில் சொன்னதெல்லாம் நிஜம் என்றேன். அவள் முதலில் நம்பவில்லை. கடிதத்தின் நகலைக் காட்டினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கண்ணன் ரெண்டு மாசமா மார்க்கெட்டுக்குப் பின்வழியாப் போறார். முன்வழில போனா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக் காட்றாங்க. நீங்க அவர் வீட்ல உக்காந்து கிழங்கு தின்னீங்க. நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மே 15, ஞாயிறு

மச்சான் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் உள்ளே இருந்தார், புகை வந்தது. மச்சான் பெண்டாட்டி வெளியே வந்து, "உங்களுக்காக அவர் குடுத்ததை நீங்க தெருவுல போட்டுட்டீங்களாம். போகச் சொல்றார்" என்றாள்.

மே 30, திங்கள்

தலைநகர் மோர்ஸ்பியில் உள்ள விமானத் துறையிலிருந்து கடிதம். என் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம், பிறகு மறுபடி பரீட்சை எழுத வேண்டும். மெர்வின், வேண்டுமானால் மெக்கானிக்காக இரு என்றார். சரி என்றேன். இன்று கம்ப்ரெஸருக்குள் தண்ணீர் அடித்துக் கழுவுகிற வேலை. உப்பும் தூசியும் பிளேடில் படிந்தால் காற்று இறுகாது, எஞ்சின் சும்மா சூடாகும். புதிதாக வந்திருக்கும் எஞ்சினியர் கையெழுத்துப் போட்டான். நான் குழாயைச் சுருட்டி வைத்தேன். கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மதியச் சாப்பாடு ருசித்தது.

ஜூன் 4

நோமா வந்துவிட்டாள். பேசவில்லை. எனக்குச் சோறு வைத்தாள்.

ஜூன் 18, சனி

மத்தியானம் மச்சான் வந்தார். நாய்கூடக் குரைக்கவில்லை, அவ்வளவு மெதுவாக வந்தார். நோமா தண்ணீர் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவர் பாக்கைக் கடித்து, சுண்ணாம்பு தொட்டு, நெடுநேரம் மென்றார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "முப்பத்திரண்டுன்னு நான் சொன்னப்ப நீங்க திரையிலேர்ந்து தலையைத் தூக்கினீங்க இல்ல?"

"தூக்கினேன்."

"நான் பாத்தேன். எனக்கு அந்த எண் மறந்துபோச்சு. இருபத்தாறா முப்பத்தொண்ணான்னு தெரியல. குத்துமதிப்பா ஒண்ணு சொன்னேன். நீங்க தலையைத் தூக்கினதும், இதோ கேக்கப் போறார், கேட்டா ஒண்ணிலேர்ந்து எண்ணிடலாம்னு நின்னேன். நீங்க கேக்கல. சரி, சரியாத்தான் இருக்கும்போலன்னு திருப்பிட்டேன்."

 "நீங்களே சொல்லியிருக்கலாமே மச்சான்?" என்றேன்.

"தங்கச்சி புருஷன் முன்னாடி எனக்கு எண்ண வரலன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துது." வெளியே எச்சிலைத் துப்பினார். "நீங்க ஏன் கேக்கல?"

"பெண் குடுத்தவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மரியாதைக்கு நடுவில் பதினோரு பேரைத் தூக்கி வைத்திருந்தோம், அதற்கு என்ன சிரிப்பு. பன்றி கொடுத்தன்று ஓமினே அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டாளாம், எண்ணினாயா எண்ணவில்லையா என்று. எண்ணினேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றார். அன்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருக்கிறது, உங்கள் மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார்.

"மெர்வின்கிட்ட நானும் எழுதிக் குடுக்கறேன். எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

நோமா காகிதமும் பலகையும் கொண்டுவந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எண் மறந்தது, ஊகித்துச் சொன்னது, விசாரணையில் பொய் சொன்னது. ஒன்றையும் மெழுகவில்லை. முடிகிற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை மேல எந்தத் தப்பும் இல்லன்னு ஒரு வரி போடுங்க" என்றார்.

பேனாவைப் பலகைமேல் வைத்தேன். "அதை எழுத மாட்டேன் மச்சான்."

கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷத்தில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நோமா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தபடியே பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"சரி, அது வேண்டாம்" என்றார். "எழுதினதைப் படிங்க, கேக்கறேன்."